சுஜாதா என்றொரு பெண் இன்ஜினியர்

பத்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை எழுத்தாளர் சுஜாதா ஒரு பெண் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். என் பக்க நியாயம் இதுதான். ஸ்ரீரங்கம் நூலகத்தில் அதிகம் கை மாறிய புத்தகங்களுக்கு அட்டை இருக்காது. கிழிந்த அட்டையை எடுத்துவிட்டு, கெட்டி பைண்டிங் போட்டு, முதுகில் எண் எழுதி வைத்திருப்பார்கள். பின்னட்டை போட்டோ எல்லாம் போன இடம் தெரியாது. உள்ளே முதல் பக்கத்தில் புத்தகத்தின் பெயர், அதன் கீழே சுஜாதா. எங்கள் மூலத்தோப்புத் தெருவிலேயே இரண்டு சுஜாதா அக்காக்கள் இருந்தார்கள். ஒருத்தர் தையல் மெஷின் வைத்திருந்தார், இன்னொருத்தர் டியூஷன் எடுத்தார். மூன்றாவதாக ஒரு சுஜாதா அக்கா கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறார் என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

'சிலிக்கன் சில்லுப் புரட்சி' முழுக்கப் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் குரல் புரிந்தது. வீட்டுப் பரணில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் மாதிரி, ஒரு பெண் எலெக்ட்ரானிக்ஸுக்குள் சகஜமாக நடமாடுகிறாள். பயமில்லை. நடுநடுவே கிண்டல் வேறு. என் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டில் அவர் மிக்ஸியைப் பிரித்தால் நான் டார்ச் பிடிப்பேன், அண்ணன் ஸ்க்ரூடிரைவர் பிடிப்பான். யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை, தானாக அப்படி அமைந்திருந்தது. சுஜாதா படித்த பிறகு ஒருநாள் ஸ்க்ரூடிரைவரை நான் கேட்டேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் கொடுத்தார்.

பன்னிரண்டு வயதில் பக்கத்து வீட்டு விகடனில் 'கற்றதும் பெற்றதும்' பக்கத்தைப் பார்த்தேன். போட்டோவில் கண்ணாடி போட்ட ஒரு தாத்தா. கீழே சுஜாதா.

ஸ்ரீரங்கத்துக்காரர், வயதான மனிதர், நல்ல எழுத்தாளர். கோபப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் போட்டோ என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டது. இத்தனை வருஷத்துக்கு அப்புறம், ஐ.டி.யில் பதினைந்து வருஷம் வேலை பார்த்த பிறகு, அது என்ன என்று பார்க்க சுஜாதாவை மறுபடி வரிசையாகப் படித்தேன். இந்தக் கட்டுரை அதன் விளைவு.

*

பெயர்க் கதை எல்லாருக்கும் தெரியும். எஸ். ரங்கராஜன் எழுத வந்தபோது குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். அவருடைய தொழில் வாழ்க்கையும் நம் தலைமுறைக்கு மனப்பாடம்: திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ், விமானப் போக்குவரத்துத் துறை, பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், அங்கே வாக்குப்பதிவு இயந்திரம். கணையாழியில் கடைசிப் பக்கம் எழுதும்போது மட்டும் அவர் 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' ஆகிவிடுவார். இலக்கியம் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஊர்ப் பெயரும் இனிஷியலும், கோடிக்கணக்கான வாசகர்களுக்குக் கதை சொல்ல மனைவியின் பெயர். இதில் உள்நோக்கம் எதையும் நான் தேடவில்லை. கண்ணில் பட்டது, சொல்கிறேன்.

அவர் தமிழுக்குச் செய்த பெரிய காரியம், தொழில்நுட்பத்தை விளக்கிச் சொல்லும் ஓர் உரைநடையை உண்டாக்கியது. அதற்கு முன்பும் தமிழில் அறிவியல் எழுதினார்கள், ஆனால் அது பெரும்பாலும் பாடப்புத்தக வாடை அடிக்கும். சுஜாதா அதை ரங்கு கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி மாற்றினார். விஷயம் தெரிந்தவர், அலட்டிக்கொள்ளாதவர், உங்களுக்கும் புரியும் என்று நம்புகிறவர். 'ஏன்? எதற்கு? எப்படி?' பகுதியில் யார் கேள்வி கேட்டாலும் பதில் வரும். இன்றைக்குத் தமிழில் டெக் யூடியூப் நடத்துகிற பையன்கள் வரைக்கும் அந்தக் குரலின் வாரிசுகள்தான்.

விளக்குவது என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்க. கட்டுரையில் கேட்பவர் வாசகர். கதையில்?

'என் இனிய இயந்திரா'வை எடுத்துக்கொள்ளலாம். எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த தொடர். கதை நடக்கும் காலம் 2021, 22. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் நாடு, இரண்டெழுத்துப் பெயர்கள், பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி. நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். ரவியும் அவனுடைய இயந்திர நாய் ஜீனோவும் அவள் வீட்டுக்கு வருகிறார்கள். ஜீனோவைப் பிடிக்காத தமிழ் வாசகர் யாரும் கிடையாது. எனக்கும் உயிர். இந்த முறை படிக்கும்போது மட்டும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பக்கம் பக்கமாக யார் கேட்கிறார்கள், யார் சொல்கிறார்கள்? நிலா கேட்கிறாள். ஜீனோ சொல்கிறது. இலக்கணப்படி ஜீனோ அஃறிணை. ஆனால் அதன் கிண்டலும் தன்னம்பிக்கையும் எனக்கு நன்றாகத் தெரிந்த இன்ஜினியரிங் காலேஜ் கடைசி பெஞ்சுப் பையன்களுடையது. நிலா ஜீனோவைக் கொஞ்சுகிறாள், நம்புகிறாள், அதனிடம் யோசனை கேட்கிறாள். அது எப்படி வேலை செய்கிறது என்ற ஆர்வம் அவளுடைய கதையாக ஆவதே இல்லை. பின்னால் அவளை நாட்டுக்கே அரசியாக்குகிறார்கள், ஆட்டிவைக்கத் தோதானவள் என்று நினைத்து. 'மீண்டும் ஜீனோ'விலும் பதவி அவளுடையது, மூளை பக்கத்தில் நாய் வடிவத்தில் இருக்கிறது.

ஹோலோகிராமைக் கற்பனை செய்ய முடிந்தவருக்கு, படிக்கும் நாயைக் கற்பனை செய்ய முடிந்தவருக்கு, 2021ல் நைட்டி போட்டுக்கொண்டு ஆன்கால் பார்க்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்ய முடியவில்லை. அந்த வருஷம் நான் நிஜமாகவே அந்தக் கோலத்தில் மூலத்தோப்பு வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். லாக்டவுன். ராத்திரி ஒரு மணிக்கு சர்வர் விழுந்துவிட்டது என்று போன் வரும்.

'விக்ரம்' இன்னும் சுவாரஸ்யமான கேஸ். 1986ல் வந்த படம், கதை சுஜாதாவுடையது. அதில் லிஸ்ஸி நடித்த ப்ரீத்தி ஒரு கம்ப்யூட்டர் நிபுணர். கடத்தப்பட்ட ஏவுகணையைத் தேடி விக்ரமோடு சலாமியா போகிறாள். அந்தக் காலத் தமிழ் சினிமாவுக்கு இது பெரிய விஷயம். டீச்சர், நர்ஸ், டாக்டர், தாண்டினால் வக்கீல் என்று இருந்த இடத்தில் ஒரு பெண்ணுக்கு இந்த வேலையைக் கொடுத்த பெருமையை மறுக்கக் கூடாது. ஆனால் வேலையைக் கொடுத்துவிட்டு மெல்ல மறந்துவிடுகிறார்கள். படம் போகப்போக ப்ரீத்தியின் நேரமெல்லாம் விக்ரமை விரும்புவதிலும் இளவரசி மேல் பொறாமைப்படுவதிலும் போகிறது. வேலைக்கு எடுக்கும்போது ஒரு பதவி, எடுத்த பிறகு வேறு வேலை. ஐ.டி.யில் இருக்கும் பெண்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடலாம்.

பெண்களைப் பற்றி நேரடியாகவே அவர் எழுதிய 'எப்போதும் பெண்' மங்கையர் மலரில் வந்தது. கருவிலிருந்தே ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தொடரும் கதை. அதில் இருக்கும் பரிவு உண்மையானது. அங்கேயும் ஆசிரியர் குறுக்கே வந்து விஷயங்களைச் சொல்லிக்கொண்டே போகிறார், அவள் அதற்கு உதாரணமாக வாழ்ந்துகொண்டே போகிறாள்.

ஒரே ஒரு இடத்தில் இது உடைகிறது என்று நினைக்கிறேன். 'நகரம்'. மூணாண்டிப்பட்டி வள்ளியம்மாள் காய்ச்சல்கார மகள் பாப்பாத்தியைத் தூக்கிக்கொண்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வருகிறாள். பெரிய டாக்டர் குழந்தைக்கு என்ன வியாதி என்று மாணவர்களுக்கு அழகாக விளக்குகிறார், இங்கிலீஷில். உடனே அட்மிட் பண்ணச் சொல்கிறார். அதற்கப்புறம் சீட்டு, கியூ, கவுன்டர், பூட்டிய கதவு. சுஜாதாவுக்கு மூளைக் காய்ச்சலைப் பற்றி நான்கு பக்கம் எழுதத் தெரியாதா? எழுதவில்லை. விளக்கம் எல்லாம் கிடைக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, எதுவும் விளங்காதவள் பக்கம் போய் நின்றுகொள்கிறார். அவருடைய சிறந்த கதை அது என்று பல பேர் சொல்லியிருக்கிறார்கள். என் காரணம் இது. அந்தக் கதையில் அறிவுக்குப் பஞ்சமில்லை, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. அவளுடைய சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கூடவே நடக்க ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

*

காலம் அப்படி, எண்பதுகளில் வேறு என்ன எதிர்பார்க்கிறாய் என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காலம் அவ்வளவு ஒரே மாதிரியாக இருக்கவில்லை.

அ. லலிதா 1919ல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதப் பெண் குழந்தையோடு விதவை. அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் பேராசிரியர். பெண்களே படிக்காத கல்லூரி அது. அவர் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார், பொதுக்கல்வி இயக்குநரிடமிருந்து அனுமதி வாங்கினார். 1940ல் லலிதா எலெக்ட்ரிகல் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் தனியாக இருக்கக்கூடாது என்று இன்னும் பெண்களைச் சேர்க்கக் கல்லூரி முயற்சி எடுக்க, லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் படிக்க வந்தார்கள். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று அச்சடித்திருந்த இடத்தைக் கையால் அடித்து 'அவள்' என்று மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸில் டிரான்ஸ்மிஷன் லைன் வடிவமைத்தார், பக்ரா நங்கல் அணை வேலையில் பங்கெடுத்தார். 1964ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் இன்ஜினியர்கள், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போனார்.

சுப்பாராவ் தன் பெண்ணை உட்காரவைத்து மனவலிமை பற்றி வகுப்பு எடுத்திருக்கலாம். எடுத்தாரோ என்னவோ. நமக்குத் தெரிந்தது, அவர் தன் மரியாதையைக் கொண்டுபோய் முதல்வரின் மேஜையில் வைத்தார் என்பதுதான். அந்த அறையில் லலிதா இல்லை.

இந்த வரிசையில் இன்னொரு பெயர் சேர்க்க வேண்டும். அறுபதுகளில் சுஜாதா மனைவியின் பெயரை எடுத்துக்கொண்ட அதே காலத்தில், இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷர்லி என்ற பெண் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார். நாஜிகளிடமிருந்து தப்பிக்க ஐந்து வயதில் ரயிலேற்றி அனுப்பப்பட்ட யூதக் குழந்தை. லண்டன் தபால்துறை ஆராய்ச்சி நிலையத்தில் ஆரம்பித்து, வேலையில் ஒரு கட்டத்துக்கு மேல் போக முடியாமல், 1962ல் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆறு பவுண்டு முதலோடு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கினார். கல்யாணம், பிள்ளை என்று வேலையை விட்ட புரோகிராமர் பெண்களுக்கு வீட்டிலிருந்தே வேலை. கம்பெனிகளுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவர் ஒரு யோசனை சொன்னார்: 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போடு. போட்டார். பதில்கள் வர ஆரம்பித்தன. போனில் பேசும்போது குழந்தை அழுவது கேட்காமலிருக்க, டைப்ரைட்டர் சத்தத்தை டேப்பில் பதிந்து பின்னால் ஓடவிடுவாராம். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு புரோகிராம் எழுதியது அந்த வீட்டுப் பெண்கள்தான். முதல் முந்நூறு ஊழியர்களில் மூன்று பேர் மட்டும் ஆண்கள். 1975ல் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்ததும், ஆண்களையும் சேர்த்தாக வேண்டியதாயிற்று. சட்டத்துக்கு நகைச்சுவை உணர்வு உண்டு போல.

ஓர் ஆண் இன்ஜினியர் பெண் பெயரை வைத்துக்கொண்டால் அது புனைபெயர், ஒரு ஃபேஷன். ஒரு பெண் இன்ஜினியர் ஆண் பெயரை வைத்துக்கொண்டால் அது பிழைப்பு. பத்து வயதில் நான் தேடிய சுஜாதா இங்கிலாந்தில் ஸ்டீவ் என்ற பெயரில் இருந்திருக்கிறார், எங்கள் நூலகத்துக்கு வந்து சேரவில்லை.

*

இனி ஆபீஸ்.

சமயபுரம் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் படித்தேன். கேம்பஸில் வேலை, ஓ.எம்.ஆர். ரோடு, பிறகு பெங்களூர். சேரும்போது எங்கள் பேட்சில் பெண்களும் ஆண்களும் கிட்டத்தட்ட பாதிப் பாதி. எட்டு வருஷத்தில் என்னைச் சுற்றி மீட்டிங் ரூமில் இருந்த பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பேறுகால விடுப்பு 26 வாரமானது 2017ல். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில். இதெல்லாம் தேவை. ஆனால் என் கூட இருந்தவர்கள் எல்லாரும் பிள்ளை பெற்றதால் காணாமல் போகவில்லை. பல பேர் பிள்ளைக்கு முன்பே நின்றுபோனார்கள், முதல் படியிலேயே. அமெரிக்காவில் மெக்கின்ஸியும் லீன் இன் அமைப்பும் வருஷாவருஷம் ஓர் அறிக்கை போடுகிறார்கள். 2024 கணக்குப்படி 100 ஆண்கள் முதல் மேனேஜர் பதவிக்கு ஏறினால் 81 பெண்கள்தான் ஏறுகிறார்கள். அங்கேயே இப்படி.

எனக்கு உதவி கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. நிறையக் கிடைத்தது. மகளிர் தினத்துக்கு ஒரு வெபினார். தலைமைப் பண்புப் பயிற்சி. மென்டர் என்று ஒரு சீனியர் மேனேஜர், நல்ல மனிதர், மாதம் இரண்டு தடவை எனக்கு என்னை விளக்குவார். மீட்டிங்கில் குரலை உயர்த்து. 'ஸாரி' சொல்லி ஆரம்பிக்காதே. 'லீன் இன்' புத்தகம் பரிசாகக் கொடுத்தார், படித்தேன், அடிக்கோடு எல்லாம் போட்டேன். அந்த வருஷம் ஒரு பெரிய சிஸ்டத்தின் டிசைன் டாக்கில் முக்கால்வாசி நான் எழுதினேன். இரண்டு டீமுக்கு நடுவே சண்டை தீர்த்தேன், புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், எல்லா மீட்டிங்குக்கும் நோட்ஸ் எடுத்தேன். பிரமோஷன் என்னோடு வேலை பார்த்தவனுக்கு வந்தது. என் அப்ரைசலில் 'சிறந்த டீம் பிளேயர்' என்று இருந்தது.

டான்யா ரெய்லி என்ற இன்ஜினியர் இந்த வேலைக்குப் 'பசை' என்று பெயர் வைத்துப் பேசியிருக்கிறார். எல்லாவற்றையும் ஒட்டி வைக்கும், ஆனால் ஒட்டியபின் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை.

என் மென்டர் கெட்டவர் இல்லை என்று மறுபடி சொல்கிறேன். ஜீனோவும் கெட்ட நாய் இல்லை. ஆனால் பிரமோஷன் முடிவாகும் கலிப்ரேஷன் மீட்டிங்கில் அவர் உட்கார்ந்திருந்தார், என் பெயர் வந்தபோது பேசவில்லை. 2010ல் ஹெர்மினியா இபார்ராவும் இன்னும் இரண்டு பேரும் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் சொல்கிறது. பெண்களுக்கு ஆலோசனை சொல்ல ஆள் ஏராளம், அவர்களுக்காகத் தன் செல்வாக்கைச் செலவு செய்ய ஆள் குறைவு. முதலாமவர் மென்டர், இரண்டாமவர் ஸ்பான்சர். ஆலோசனைக்குச் செலவில்லை. அதில் தோற்பது கேட்டவள்தான். இரண்டாவதில் சொன்னவர் பெயரும் சேர்ந்து கெடும்.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு மேனேஜர் வந்தார். எனக்கு எதையும் அவர் விளக்கவில்லை, சரியாகப் பேசக்கூட மாட்டார். அவர் அந்த மீட்டிங்கில், "அந்த டாக் எழுதினது இவங்க, வெர்ஷன் ஹிஸ்டரிய திறந்து பாருங்க" என்று சொல்லி, எல்லார் முன்னாலும் திறந்தும் காட்டினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அப்படித்தான் நான் லீட் ஆனேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

2022ல் என் டீமில் ஒரு பெண் சேர்ந்தாள். உறையூர்க்காரி. முதல் நாளே என் பேச்சைக் கேட்டு "அக்கா, நீங்க திருச்சியா?" என்று கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு யாரும் செய்யாததையெல்லாம் அவளுக்குச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன். புதன்கிழமை தோறும் அரை மணி நேரம். டிசைன் டாக் எப்படி எழுதுவது, ரிவ்யூவில் எப்படி மறுத்துப் பேசுவது, 'ஸாரி' சொல்லி ஆரம்பிக்காமல் இருப்பது. ஒரு தடவை பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலையை ராத்திரியோடு ராத்திரியாகத் தனியாக ஓட்டி முடித்தாள். ஒரு வாடிக்கையாளருக்குக்கூடத் தெரியவில்லை. சரியாக நடந்த வேலை என்பதால் யாருக்குமே தெரியவில்லை.

கலிப்ரேஷனில் அவள் பெயர் வந்தது. "தனியா எதையாவது ஓட்டியிருக்காங்களா?" என்று கேட்டார்கள். எனக்கு பதில் தெரியும். என் லிஸ்டில் இன்னொருவன் இருந்தான். வேறு கம்பெனி ஆஃபர் லெட்டரோடு நின்றுகொண்டிருந்தான், அவனை விட முடியாது. ஒரே மீட்டிங்கில் இரண்டு பேருக்காகச் சண்டை போட்டால் என்ன நினைப்பார்கள். அதோடு பெண், அதுவும் என் ஊர்ப் பெண். "நல்லா வளர்ந்துட்டு வர்றா. இன்னும் ஒரு சைக்கிள் பாக்கலாம்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஏற்கெனவே தயாராக வாயில் இருந்தது.

நான்கு மாதத்தில் பேப்பர் போட்டாள். கடைசி நாளில் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எனக்கு நெறைய சொல்லிக் குடுத்தீங்கக்கா" என்றாள்.

சுஜாதா மேல் எனக்கிருந்த மனத்தாங்கலை அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவ்வளவு சத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. விளக்கிச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. எதிரே ஒரு முகம் மலர்கிறது, நாம் புத்திசாலியாகவும் நல்லவராகவும் ஒரே நேரத்தில் தெரிகிறோம், கைக்காசு செலவாவதில்லை. அந்தச் சுகத்தை ஸ்ரீரங்கத்து எழுத்தாளர் ஒருவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவரைப் பெண் என்று நினைத்துக் கற்றுக்கொண்டேன், ஆண் மாதிரியே செய்தேன். இதை ஆண் பெண் கணக்கில் மட்டும் வைத்தால் நான் தப்பித்துக்கொள்வேன் என்பதால் சொல்கிறேன்.

*

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, சத்திரத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது இந்தக் கட்டுரையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அம்மா சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம். வேலைக்குப் போகவில்லை. எனக்கு டிஃபரன்ஷியேஷன் சொல்லிக்கொடுத்தது அவர்தான், அரிசி களைந்துகொண்டே. சுஜாதாவையும் விகடனில் வாராவாரம் படித்து வளர்ந்தவர். நான் பெண் என்று நினைத்திருந்த இரண்டு வருஷமும் அவர் எங்கே இருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்குத்தான் தெரியுமே, அது அவர் பொண்டாட்டி பேருன்னு. நான் அந்த அம்மா எப்படி எழுதுது பாருன்னு உன்கிட்டயே வந்து சொல்லியிருக்கேன். ஏன் சொல்லல?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றில் தண்ணீர் குறைவு, மணல் திட்டு தெரிந்தது.

"நீ பாட்டுக்கு பொம்பளைன்னு நெனச்சுப் படிச்சுட்டு இருந்தே. ஸ்க்ரூடிரைவரெல்லாம் கேட்டுட்டு இருந்தே" என்றார். "எதுக்குச் சொல்லணும்?"

அம்மா மண்டபம் ஸ்டாப்பிங் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார்.